நம் நாள்காட்டியில் விடுபட்ட நாள்கள்

வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கத்திற்கு வயது இருபத்தைந்து என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் அது பிறந்த நாள் எது என்று கேட்டால் விழாக் குழுவிற்குள்ளேயே மூன்று கட்சிகள் உண்டு. பெரியவர்கள் சிலர் புளியமரத்தடியில் கூடி, நம் பிள்ளைகளின் படிப்பிற்கு நாமே ஏதேனும் செய்தாக வேண்டும் என்று பேசிய நாளே பிறந்த நாள் என்பது முதற் கட்சி. 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ்ப் பதிவுச் சான்றிதழ் கைக்கு வந்த நாளே பிறந்த நாள் என்பது இரண்டாம் கட்சி. இரவு வகுப்பிற்கு முதன்முதலாக விளக்கேற்றிய நாளே உண்மையான பிறந்த நாள் என்பது மூன்றாம் கட்சி. பலநாள் வாதத்திற்குப் பின் இரண்டாம் கட்சியே வென்றது. கையில் காகிதம் வைத்திருந்த கட்சி அது ஒன்றுதான். காகிதம் வைத்திருப்பவனே வழக்கில் வெல்வான் என்னும் பாடத்தை நம் சமுதாயம் பல தலைமுறைகளாகத் தோற்றுத் தோற்றே கற்றுக்கொண்டது. அப்பாடத்தை நமக்குள்ளேயே ஒருமுறை பயன்படுத்திப் பார்த்ததில் தவறில்லை.

ஒரு சமுதாயம் எந்தெந்த நாள்களை நினைவில் வைத்திருக்கிறது என்பதைக் கொண்டு, அது தன்னைப் பற்றி என்ன எண்ணுகிறது என்பதை அறியலாம். அரசர்கள் முடிசூடிய நாள்களும் போரில் வென்ற நாள்களும் கல்லில் வெட்டப்பட்டன. நம் முன்னோர் அக்கல்லைச் சுமந்தனர். அவர்தம் நாள்கள் அதில் ஏறவில்லை. ஆகவே நமக்குரிய நாள்களை நாமே தேடி எடுத்துக் குறித்துக்கொள்ள வேண்டியவர்களாய் இருக்கிறோம். அவ்வாறு குறிக்கும்போது தலைவர்கள் பிறந்த நாளும் மறைந்த நாளும் மட்டும் போதுமா? அவர்கள் வாழ்நாளில் செய்த செயலின் நாள்களையும் குறித்துவைக்க வேண்டாவா? இக்கட்டுரையில் இளைஞர்முன் யாம் வைக்கும் வினா இதுவே.

பதிவேடு தந்த பிறந்த நாள்

பள்ளித் தலைமையாசிரியர் நாற்காலியில் அமர்ந்த எவரும் பிறந்த நாள் என்னும் சொல்லைக் கேட்டால் சிறிது புன்னகை செய்வர். பிறப்புச் சான்றிதழ் வழக்கிற்கு வராத காலத்தில், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வந்த தாயிடம் ஆசிரியர், "பையன் எப்போது பிறந்தான்?" என்று கேட்பார். "பெருமழை பெஞ்சு ஏரி உடைஞ்சுதே, அதுக்கு மறு வருசம், அறுப்பு நேரங்க" என்று விடை வரும். ஆசிரியர் பஞ்சாங்கத்தைப் புரட்டமாட்டார். பிள்ளையின் வலக்கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடக் காதைத் தொடச் சொல்வார். தொட்டுவிட்டால் ஐந்து வயது நிறைந்தது என்று பொருள். உடனே பள்ளித் திறப்பிற்கு ஏற்ற வகையில் ஜூன் முதல் நாளைப் பதிவேட்டில் எழுதிவிடுவார். இதன் பயனாக நம் தெருவில் பாதிப்பேர் ஜூன் முதல் நாளில் பிறந்தவர்கள். ஒரே நாளில் இத்தனை பிரசவம் பார்த்த மருத்துவச்சி எந்நாட்டிலும் இருந்ததில்லை.

எம் அன்னையார் கணக்குப்படி யாம் பிறந்தது கார்த்திகைத் தீபத்தன்று. பதிவேட்டின் கணக்குப்படியோ அதற்கு ஏறத்தாழ ஆறு திங்கள் முன்னதாக, ஜூன் முதல் நாளிலேயே பிறந்துவிட்டோம். பிறப்பதற்கு முன்பே பிறந்துவிட்ட இப்பெருமையால் பணி ஓய்வும் ஆறு திங்கள் முன்னதாகவே வரவிருக்கிறது. "உங்கிட்ட ஆறு மாசத்தைக் கடன் வாங்கிட்டாருடா அந்த வாத்தியாரு, திருப்பிக் கேக்கலாம்னா அவரும் இப்ப இல்ல" என்று அன்னையார் சொல்லிச் சிரிப்பார். ஆயினும் அவ்வாசிரியரை நாம் நன்றியோடு நினைக்கிறோம். நாள் தவறாயினும் பெயர் பதிவேட்டில் ஏறியது. பெயர் ஏறாதிருந்தால், சரியான நாளை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்திருப்போம்?

இத்தகைய குழப்பம் நம்மைப் போன்ற எளியோர்க்கு மட்டும் உரியதன்று. தாத்தா இரட்டைமலை சீனிவாசனார் பிறந்த நாள் ஜூலை 7 என்பதில் கருத்து வேறுபாடில்லை; ஆண்டினை மட்டும் 1859 என்பாரும் 1860 என்பாரும் உளர். நம் பதிவேடுகளில் ஆண்டு உறுதி, நாள் ஐயம். தாத்தாவுக்கு நாள் உறுதி, ஆண்டு ஐயம். சென்னை மாநகரத்தின் மேயராகவும் இந்தியக் குடியரசுக் கட்சியின் முதல் தலைவராகவும் விளங்கிய ந. சிவராஜ் அவர்களோ வேறு வகையில் விழாக் குழுவினரைத் திகைக்க வைத்துவிட்டார். அவர் பிறந்தது 1892 செப்டம்பர் 29. மறைந்தது 1964 செப்டம்பர் 29. அன்று மாலை அணிவிப்பதா, மலர்வளையம் வைப்பதா? இனிப்பு வழங்குவதா, மௌனம் காப்பதா? பொருளாளரைக் கேட்டால், ஒரே பந்தலில் இரண்டு விழாவும் முடிவதால் இவரே சிக்கனத்திற்கு இலக்கணம் வகுத்த தலைவர் என்பார்.

அண்ணல் அம்பேத்கர் நாகபுரியில் பௌத்தம் தழுவிய நாளுக்கும் இத்தகைய இரட்டைப் பேறு உண்டு. 1956-ஆம் ஆண்டில் விசயதசமியும் அக்டோபர் 14-உம் ஒன்றாக வந்தன. பிற்காலத்தில் திதியும் தேதியும் பிரிந்து போயின. ஆகவே திதிப்படி ஒரு கூட்டமும் தேதிப்படி ஒரு கூட்டமுமாக மக்கள் அங்கே திரள்கின்றனர். திதி பெரிதா, தேதி பெரிதா என்று வழக்காடாமல் இரண்டையும் கொண்டாடிவிடும் அம்மக்களின் அறிவை யாம் போற்றுகிறோம்.

நாள்காட்டியும் உரிமைக் களமே

இவையெல்லாம் நகைத்து மகிழ்வதற்கு உரியவை. ஆனால் நாள் குறிக்கும் உரிமை விளையாட்டன்று என்பதைப் பண்டிதர் அயோத்திதாசர் நூறாண்டுகளுக்கு முன்பே உணர்ந்திருந்தார். 1845 மே 20 அன்று பிறந்த அவர், 1907 ஜூன் 19 அன்று சென்னை இராயப்பேட்டையிலிருந்து ஒரு வார இதழைத் தொடங்கினார். அதன் பெயர் ‘ஒரு பைசாத் தமிழன்’. விலையையே பெயராக வைத்த இதழ் அது. விலையைக் கேட்டுத் தயங்கித் திரும்புவோர் நம்மில் அக்காலத்தில் மிகுதி. பெயரைச் சொல்லும்போதே விலையும் தெரிந்துவிட்டால் அத்தயக்கத்திற்கு இடமேது? ஓராண்டிற்குப் பின் அது ‘தமிழன்’ என்னும் பெயரோடு வெளிவந்து, 1914 மே 5 அன்று அவர் மறையும் வரை அவர்தம் கைப்பட நடந்தது.

பண்டிதர் தம் இதழில் பண்டிகைகளையும் விட்டுவைக்கவில்லை. தீபாவளிக்கு வழங்கிய அசுரவதைக் கதையை ஏற்காமல், எள்ளிலிருந்து எண்ணெய் எடுத்துத் தலைமுழுகும் வழக்கம் தோன்றியதன் நினைவு நாள் அது என்று பௌத்த வழியில் விளக்கம் தந்தார். அவ்விளக்கம் முழுதும் வரலாற்று ஆய்விற்கு நிற்குமா என்பது வேறு வினா. ஆண்டுதோறும் நாம் தேய்த்துக்கொள்ளும் எண்ணெய் நம்முடையது. அதற்குக் காரணம் சொல்லும் உரிமை மட்டும் ஏன் பிறருடையதாக இருக்க வேண்டும் என்று அவர் கேட்டாரே, அக்கேள்விதான் நமக்கு முதன்மையானது. ஒரு நாளுக்குப் பொருள் கூறுபவன் அந்நாளை ஆள்கிறான். இதனை நம் இளைஞர்கள் மனத்தில் இருத்துவார்களாக.

அண்ணலின் பிறந்த நாளும் அரசாணையால் தோன்றிய விழா அன்று. 1928 ஏப்ரல் 14 அன்று புனே நகரில் சனார்தன் சதாசிவ் ரணபிசே என்னும் தொண்டர் முதன்முதலாக அதனைப் பொதுவிழாவாக எடுத்தார். அப்போது அண்ணலுக்கு வயது முப்பத்தேழு. விடுமுறையும் இல்லை, சிலையும் இல்லை, அமைச்சர் வருகையும் இல்லை. எடுக்க வேண்டும் என்று எண்ணிய மனிதர் இருந்தார், விழா நடந்தது.

ஒரு சிறுவன் பள்ளியில் சேர்ந்த நாள்

இனி, செயலின் நாள்களுக்கு வருவோம். அவற்றுள் ஆசிரியர் என்னும் முறையில் எம் நெஞ்சிற்கு மிக அணுக்கமானது நவம்பர் 7. 1900-ஆம் ஆண்டு அந்நாளில் மராட்டிய மாநிலம் சாத்தாராவில் உள்ள அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் ஆங்கில முதல் வகுப்பில் சேர்க்கப்பட்டான். சேர்க்கைப் பதிவேட்டில் 1914 என்னும் எண்ணில் ‘பிவா ராம்ஜி அம்பேத்கர்’ என்று அவன் பெயர் இருக்கிறது. பண்டிதர் அயோத்திதாசர் மறைந்த ஆண்டும் 1914 ஆயிற்றே என்று வியப்போர் இருக்கலாம். எண்களுக்கிடையே மாயம் தேடுவோர் சோதிடரிடம் செல்க. நாம் பதிவேட்டோடு நிற்போம்.

அப்பள்ளியில் அச்சிறுவன் பிற பிள்ளைகளோடு சேர்ந்து அமரவில்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்த கோணித் துணியில் தனியே அமர்ந்தான். தாகம் எடுத்தால் குழாயைத் தானே தொடலாகாது. பள்ளி ஏவலர் வந்து திறந்துவிட வேண்டும். ஏவலர் வராத நாளில் தண்ணீரும் இல்லை. இவற்றை அவரே பின்னாளில் எழுதிவைத்தார். ஆயினும் அவர் பெயர் பதிவேட்டில் இருந்தது. கோணித் துணியை விலக்கிவைக்கலாம். பதிவேட்டு எண்ணை விலக்க முடியாது. மராட்டிய மாநில அரசு 2017-ஆம் ஆண்டில் நவம்பர் 7-ஐ மாணவர் நாளாக அறிவித்தது. பட்டம் பெற்ற நாளையோ பதவி ஏற்ற நாளையோ கொள்ளாமல், பள்ளியில் சேர்ந்த நாளை விழாவாகக் கொண்டதில் ஆழ்ந்த பொருள் இருக்கிறது. பட்டம் பெறுதல் சிலர்க்கு வாய்க்கும். பள்ளியில் சேர்தல் எல்லார்க்கும் வாய்க்க வேண்டியது.

நம் தமிழ் மண்ணிலும் இத்தகைய நாள்கள் குறைவல்ல. 1894-இல் கர்னல் ஆல்காட் அடையாற்றில் நம் பிள்ளைகளுக்காக இலவசப் பள்ளி தொடங்கினார். 1916-இல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தின் பள்ளிக்கு வித்திட்டார். பள்ளி ஆசிரியராய் வாழ்வைத் தொடங்கிய எம்.சி. ராஜா சென்னைச் சட்டமன்றத்தில் நுழைந்து, 1922-இல் இழிபெயர்களை நீக்கி ஆதிதிராவிடர் என்னும் பெயரை அரசு ஏடுகளில் ஏற்றச் செய்தார். இவர்கள் திறந்த பள்ளிகளின் வழியாகத்தான் நம்மில் பலர் இன்று இம்மலரைப் படிக்கும் நிலையில் இருக்கிறோம்.

தீர்மானம் நடப்பதில்லை

1924-ஆம் ஆண்டு சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசனார் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். எந்த நகரத்திலும் ஊரிலும் உள்ள பொதுச் சாலையிலோ தெருவிலோ எவர் நடப்பதற்கும் தடையிருத்தலாகாது. பொது அலுவலகம், கிணறு, குளம் முதலியவற்றை எல்லாரும் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். அத்தீர்மானம் நிறைவேறிற்று, அரசும் ஆணை வெளியிட்டது. கேரளத்தில் வைக்கம் தெருக்களில் நடக்கும் உரிமைக்காகப் போராட்டம் தொடங்கியதும் அதே 1924-இல்தான்.

எம் இளமைக் காலத்தில், 1984-ஆம் ஆண்டளவில், எம் தந்தையார் கூலி வேலை முடித்து வரும்போது ஊர்த்தெருவின் முனையில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார். தெரு முடிந்ததும் காலில் போட்டுக்கொள்வார். உடன்வந்த யாம் காரணம் கேட்டோம். "நாள் முழுக்க அது நம்மளச் சுமக்குது, இந்த ஒரு தெருவுக்கு நாம அதைச் சுமந்தா என்னடா குறைஞ்சிடும்?" என்று அவர் நகைத்தார். யாமும் நகைத்தோம். அந்நகைப்பு ஒரு சிறுவனின் நெஞ்சு காயப்படாமல் காப்பதற்காகத் தந்தை ஒருவர் பிடித்த குடை என்பது அப்போது விளங்கும் வயதில்லை. அத்தீர்மானத்திற்கு அப்போது வயது அறுபது. சட்டமன்றத்தில் நிறைவேறிய உரிமை அறுபது ஆண்டுகளாக நடந்தும் எம் ஊர்த்தெரு முனைக்கு வந்து சேரவில்லை.

காரணம் எளிது. தீர்மானத்திற்குக் கால்கள் இல்லை. மனிதர்தாம் நடக்க வேண்டும். பம்பாய் மாகாணத்திலும் இதே கதைதான். பொது நீர்நிலைகள் அனைவர்க்கும் உரியவை என்னும் போலேயின் தீர்மானம் 1923-இல் நிறைவேறியது. மகாடு நகராட்சியும் அதனை ஏற்றுத் தன் ஏட்டில் எழுதியது. ஆனால் சவதார் குளத்துத் தண்ணீரை நம் மக்கள் கையில் அள்ளிய நாள் 1927 மார்ச் 20. அண்ணல் முன்னே நடக்க, ஆயிரக்கணக்கானோர் பின்னே நடந்தனர். ஏட்டில் கிடந்த தீர்மானம் அன்றுதான் எழுந்து நின்றது. இதற்குப் பிறகும் பம்பாய் உயர்நீதிமன்றம் வரை வழக்கு நடந்து, 1937-இல்தான் நமக்குச் சார்பாக முடிந்தது.

2024-இல் சென்னைத் தீர்மானத்திற்கு நூறாண்டு நிறைந்தது. நம் ஊர்களில் எத்தனை ஊர்கள் அதனை நினைத்தன? பந்தலும் வேண்டா, ஒலிபெருக்கியும் வேண்டா. செருப்பணிந்த கால்களோடு, நெஞ்சில் வன்மம் இல்லாமல், எல்லாத் தெருக்களின் வழியாகவும் ஒருமுறை நடந்து வந்திருந்தாலே அதுவே நூற்றாண்டு விழா.

நாள் மறந்தால் நிலம் போகும்

நாள்களை நினைப்பது வெறும் உணர்ச்சிக்காக என்று கருதுவோர் 1892 செப்டம்பர் 30 என்னும் நாளை எண்ணிப் பார்ப்பார்களாக. செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியர் பொறுப்பில் இருந்த டிரெமென்ஹீர் என்னும் ஆங்கிலேயர், நம் மக்களின் நிலையை நேரில் ஆராய்ந்து 1891-இல் அரசுக்கு அறிக்கை அளித்தார். நிலம் இல்லாமையே அடிமைத்தனத்தின் வேர் என்பதை அவர் கண்டார். அவ்வறிக்கை இங்கிலாந்துப் பாராளுமன்றம் வரை சென்றது. அதன் விளைவாக 1892 செப்டம்பர் 30 அன்று பிறந்த 1010-ஆம் எண் அரசாணையின் வழியாக நம் மக்களுக்கு நிலங்கள் ஒப்படைக்கப்பட்டன. அவற்றையே பஞ்சமி நிலங்கள் என்கிறோம். பத்தாண்டுகளுக்கு அந்நிலத்தை விற்கலாகாது. அதன்பின் விற்றாலும் நம் வகுப்பினர்க்கே விற்க வேண்டும் என்னும் நிபந்தனையும் உடன் இருந்தது.

அந்நிலங்களில் பெரும் பகுதி இன்று நம்மிடம் இல்லை. மிரட்டலால் போனவை உண்டு. திருமணக் கடனுக்கும் மருத்துவச் செலவிற்கும் போனவை உண்டு. யாவற்றிலும் கொடுமை யாதெனில், அவ்விற்பனை செல்லாது என்னும் செய்தியே நம் பாட்டன்மார்க்குத் தெரியாமற் போனதால் போனவை. ஆணையிட்டவர் மறக்கவில்லை, வாங்கியவரும் மறக்கவில்லை, நிலத்திற்கு உரியவர் மட்டும் மறந்தார். 1994 அக்டோபர் 10 அன்று செங்கற்பட்டுப் பகுதியில் காரணை என்னும் ஊரின் பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து இருவர் உயிர் நீத்தனர். நூறாண்டுக்கு முந்தைய ஒரு தேதியை நினைவுபடுத்தியதற்கு அவர்கள் கொடுத்த விலை அது.

நகைப்பு நிற்கும் நாள்

இக்கட்டுரையில் இடையிடையே நகைத்தோம். நகைப்பு நின்றுவிடும் நாள் ஒன்று நம் நாள்காட்டியில் உண்டு. அது டிசம்பர் 25. 1927-ஆம் ஆண்டு அந்நாளில் மகாடு நகரில் மனுநீதி நூல் எரிக்கப்பட்டது. 1968-ஆம் ஆண்டு அதே நாளின் இரவில் தஞ்சைத் தரணியின் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட மக்களில் 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டனர். அவருள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் ஆவர். குற்றம் சாட்டப்பட்ட நிலவுடைமையாளர்களை உயர்நீதிமன்றம் பின்னர் விடுவித்தது.

ஓர் ஆண்டில் நாம் ஏட்டை எரித்தோம். பின்னோர் ஆண்டில் நம்மை எரித்தனர். இரண்டும் ஒரே தேதியில் அமைந்தன. அந்நாளில் சொற்பொழிவு வேண்டா. 44 பேரின் பெயர்களையும் ஒருவர் எழுந்து நின்று படிக்க, மற்றையோர் கேட்டால் போதும். வகுப்பறையில் வருகைப் பதிவேடு படிக்கும்போது பிள்ளைகள் ‘உள்ளேன் ஐயா’ என்பர். அந்த 44 பெயர்களுக்கும் விடை சொல்ல வேண்டியவர்கள் நாமே.

படத்தில் உள்ளவரும் கையில் வராத தொகையும்

ஆண்டு விழாக்களைப் பற்றி அண்ணலே எச்சரித்திருக்கிறார். 1943 ஜனவரி 18 அன்று புனேயில் நீதியரசர் ரானடேயின் 101-ஆம் பிறந்த நாள் விழாவில் அவர் உரையாற்றினார். ஒரு பெரியவரை மதித்துப் போற்றுவது வேறு, சிந்தனையை அவர் காலடியில் வைத்துவிட்டு வணங்குவது வேறு என்னும் கருத்தை அங்கே விளக்கினார். 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் ஆற்றிய பேருரையிலும் தனிமனித வழிபாட்டின் தீமையை எடுத்துரைத்தார். இவ்விரண்டு உரைகளையும் படிக்காமலே அவருக்குப் பாலாபிடேகம் செய்வோமாயின், சிலைக்குக் காது இல்லாதது நம் நற்பேறே.

எம் பள்ளியில் பயின்ற மாணவன் ஒருவன் ஏப்ரல் 14 பேச்சுப் போட்டியில் முதற்பரிசு பெற்றான். பரிசு, கண்ணாடிச் சட்டமிட்ட அண்ணலின் படம். அவன் கல்லூரியில் சேர்ந்த ஆண்டில் வருமானச் சான்று உரிய காலத்தில் கிட்டவில்லை. உதவித்தொகை விண்ணப்பத்தின் கடைசி நாள் கடந்துவிட்டது. கட்டணம் கட்ட வழியின்றி முதற் பருவத்தோடு படிப்பை நிறுத்திச் செங்கற் சூளைக்குச் சென்றான். பட்டியல் வகுப்பு மாணவர்க்கு உயர்கல்வி உதவித்தொகை என்பது அண்ணல் வைசிராயின் நிருவாகக் குழுவில் உறுப்பினராக இருந்த காலத்தில், 1944-இல், தொடங்கிய திட்டம் என்பதை நினைவிற் கொள்க. சுவரில் படமாக இருந்தவர் வழிசெய்து வைத்த தொகை, அச்சுவருக்குக் கீழே படுத்துறங்கிய பிள்ளையின் கைக்கு வந்து சேரவில்லை. மறு ஆண்டில் நம் சங்கம் கைகொடுத்ததால் அவன் மீண்டும் சேர்ந்தான். எனினும் போன ஓராண்டு போனதுதான்.

தலைவர் பிறந்த நாளை நாம் மறப்பதில்லை. மறக்க ஒலிபெருக்கி விடாது. உதவித்தொகையின் கடைசி நாளுக்கோ ஒலிபெருக்கி இல்லை. ஆகவே ஒரு வேண்டுகோளைச் சங்கத்தின்முன் வைக்கிறோம். வரும் ஆண்டு முதல் சங்கத்தின் பெயரில் ஒரு நாள்காட்டி அச்சிடுவோம். அதில் தலைவர்களின் நாள்களோடு செயலின் நாள்களும், உதவித்தொகை, விடுதிச் சேர்க்கை, தேர்வாணைய விண்ணப்பம் ஆகியவற்றின் கடைசி நாள்களும் அறிவிப்பு வந்தவுடன் சிவப்பு மையில் ஏறட்டும். இராகு காலம் பார்ப்பதற்கென்று விடும் இடத்தை இதற்குக் கொடுத்தால் போதுமானது. விண்ணப்பம் இராகு காலத்தில் கொடுத்தாலும் அலுவலகத்தில் வாங்கிக்கொள்வர். நாள் கடந்து நல்ல நேரத்தில் கொடுத்தால் வாங்கமாட்டார்கள்.

அந்தந்த நாளுக்கு உரிய பணியையும் உடன் குறிப்போம். ஜூன் 19 அன்று, எழுத்தறிந்த ஒவ்வோர் இளைஞரும் எழுத்தறியா மூத்தோர் ஒருவர்க்கு அன்றைய செய்தித்தாளை வாசித்துக் காட்டட்டும். பண்டிதருக்கு அதைவிடச் சிறந்த மாலை இல்லை. செப்டம்பர் 30 அன்று, இளைஞர் இருவர் கிராம நிருவாக அலுவலரிடம் பணிவோடு சென்று, நம் ஊரில் எத்தனை சர்வே எண்கள் ஒப்படை நிலங்களாக இருந்தன என்று கேட்டு வரட்டும். விடை கிட்டாவிடின் 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. நவம்பர் 7 அன்று, பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகள் எவரெவர் என்று வீடு வீடாகக் கணக்கெடுப்போம். நவம்பர் 26 அன்று, தீண்டாமையை ஒழித்த அரசியலமைப்பின் 17-ஆம் உறுப்பை, பிள்ளைகள் வாய்விட்டுப் படிக்கக் கேட்போம்.

இளைஞர்களே, நம் முன்னோர்க்குத் தாம் பிறந்த நாள் தெரியாது. மழையையும் அறுப்பையும் வைத்துத் தம் வாழ்வை அளந்தனர். அவர்களுள் சிலர் எழுதினர், சிலர் கேட்டனர், சிலர் நடந்தனர், சிலர் எரிந்தனர். அவர்கள் நமக்கு விட்டுச் சென்ற நாள்கள் சட்டத்திலும் அரசாணையிலும் பதிவேட்டிலும் காத்துக் கிடக்கின்றன. அவற்றை எடுத்து எண்ணுங்கள். எண்ணிய நாளில் அதற்குரிய பணியைச் செய்யுங்கள். நம் சங்கத்தின் பொன்விழா மலரில், இம்மலர் வெளியான ஆண்டில் இன்ன ஊரில் இத்தனை பிள்ளைகள் மீண்டும் பள்ளிக்கு வந்தனர், இத்தனை சர்வே எண்கள் அறியப்பட்டன என்று உங்களில் ஒருவர் கணக்கெழுதும் நிலை வருவதாக.

கல்வி ஓங்குக! சங்கம் வளர்க!